நுழைந்த துளையின் ஓரம்

தூத்துக்குடியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் சண்முகக்கனி. மின்நிலையங்களில் டர்பைனைப் பிரிக்காமலே அதன் உள்ளே பார்த்துச் சொல்லும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவள். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினாள். அவளிடம் இருந்தது ஒரு எண்டோஸ்கோப். மருத்துவர்கள் மனிதர் வயிற்றுக்குள் விடுகிற அதே வகைதான். இது இயந்திரத்தின் வயிற்றுக்குள் போகும். பென்சிலைவிட ஒல்லியான கறுப்புக் கேபிள், நுனியில் ஒரு கேமரா, கேமராவைச் சுற்றிக் குட்டி விளக்குகள். கைப்பிடியில் ஒரு திரையும் ஒரு குமிழும் இருந்தன. குமிழைத் தள்ளினால் உள்ளே நுனி வளையும்.

சீடரின் பெயர் கஸ்பார். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிகளில் இருபத்தேழு வருடம் எஞ்சின் டிரைவராக இருந்தவர். எஞ்சின் பக்கமே நின்று வலது காது பாதி போய்விட்டது. யார் பேசினாலும் இடது காதைத் திருப்பிக் கேட்பார்.

அவர் முதல் முறை வந்தபோது கனி ஒரு பம்பின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரை மணி நேரம் வாசலிலேயே நின்றார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"இந்த வேலையைக் கத்துக்கிடணும்."

"எதுக்கு?"

"எஞ்சினுக்கு உள்ள எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"இத்தனை வருஷத்துல பிரிச்சுப் பார்த்ததில்லையா?"

"நூறு தடவை பிரிச்சிருக்கேன். பிரிச்சுட்டா அது வேற. மூடியிருக்கும்போது உள்ள எப்படி இருக்கு, அதைத்தான் பார்த்ததில்ல."

கனி கேபிளை வெளியே இழுத்துத் துடைத்தாள். "இப்ப என்ன திடீர்னு?"

கஸ்பார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால தோணி கிளம்புற அன்னைக்கு தண்டல் என்கிட்ட கேட்டாரு, எஞ்சின் எப்படி இருக்குன்னு. நல்லா இருக்குன்னேன். நடுக்கடல்ல நின்னுபோச்சு. ஆறு நாள் மிதந்தோம். குடிதண்ணி தீர்ந்துபோய், சரக்குல இருந்த வெள்ளரிக்காயைக் கடிச்சுக் கடிச்சு உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம். ஏழாவது நாள் ஒரு கப்பல்காரன் கண்ணுல பட்டோம்."

தண்டல் என்பவர்தான் தோணியின் தலைவர். அவர் கேட்டால் டிரைவர் சொல்வதே பதில்.

"எஞ்சினுக்கு என்ன?" என்று கனி கேட்டாள்.

"தெரியல. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வர்றதுக்குள்ள அதைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

கனி அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"கை நடுங்குமா?"

"இல்ல."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க."

மறுநாளிலிருந்து அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

முதல் வாரம் ஒரு பழைய கம்ப்ரசரின் உள்ளே பார்க்கச் சொன்னாள். கஸ்பார் கேபிளை மெல்ல உள்ளே விட்டார். திரையில் ஏதோ ஒன்று பிரம்மாண்டமாக, கறுப்பாக, சுருண்டு கிடந்தது.

"டீச்சர்! உள்ள என்னமோ உடைஞ்சு கிடக்கு. ஸ்பிரிங் மாதிரி இருக்கு."

"எங்க?"

"இந்தா, நடுவுல."

"இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். அதுவும் கூடவே வந்தது.

"வலது பக்கம்."

அங்கேயும் வந்தது.

கனி கேபிளை உருவச் சொன்னாள். நுனியை விரலால் துடைத்து, விரலை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். ஒரு கறுப்பு நூல். அவருடைய சட்டைக் கையிலிருந்து வந்தது.

கஸ்பார் சிரித்துவிட்டார். அன்று மாலை வரை அந்த நூலைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

இன்னொரு நாள் கேட்டார்.

"டீச்சர், உள்ள ஒரு கோடு தெரியுது. அது கரிக்கோடா, நிழலா, வெடிப்பா? எப்படிக் கண்டுபிடிக்கது?"

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்சுவருக்கு அவரைக் கூட்டிப்போனாள். காரை பெயர்ந்த சுவர். டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அவள் சாப்பிட்டு, கை கழுவி, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோதும் கஸ்பார் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். டார்ச்சை இடமிருந்து காட்டினார், வலமிருந்து காட்டினார், கீழே உட்கார்ந்து மேல்நோக்கிக் காட்டினார்.

"நிழல் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுது டீச்சர்," என்றார். "வெடிப்பு நின்ன இடத்துலயே நிக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

ஆறு மாதம் இப்படிப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளமென்ட் மச்சாது என்ற தோணி முதலாளி பட்டறைக்கு வந்தார். வெங்காயம், முட்டைக்கோஸ், வாழைத்தார் எல்லாம் ஏற்றியாயிற்று, நாளை மறுநாள் தோணி கிளம்ப வேண்டும் என்றார்.

"எஞ்சின்ல வெள்ளைப் புகை வருது. எஞ்சினைக் குளிர வைக்கிற டேங்க்ல தண்ணி குறையுது. ஆனா வெளிய எங்கயும் ஒழுகல. மொத்தமா பிரிச்சா ஒரு வாரம் ஆகும். நீங்க பிரிக்காமலே பார்ப்பீங்களாமே?"

"பார்க்கலாம்," என்றாள் கனி. "எஞ்சினை ஆற விடுங்க. ஆறு சிலிண்டருக்கும் டீசல் பீய்ச்சுற இன்ஜெக்டரைக் கழட்டி வைக்கச் சொல்லுங்க. அந்தத் துளை வழியா உள்ள போறோம்."

மறுநாள் காலை இருவரும் தோணிக்குப் போனார்கள். தண்டலின் பெயர் சந்தியாகு. அவரும் ஏழு மாலுமிகளும் மேல்தட்டில் நின்றார்கள். எஞ்சின் அறையில் மெக்கானிக் காத்திருந்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிய இடத்தில் ஆறு துளைகள் வரிசையாகத் திறந்திருந்தன.

கனி கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து கஸ்பாரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க."

கஸ்பார் வாங்கிக்கொண்டார். "சிலிண்டருக்குள்ள தண்ணி போகுதுன்னா லைனர்தான் டீச்சர். சிலிண்டர் சுவர்ல வெடிப்பு இருக்கும். நான் எத்தனை பார்த்திருக்கேன்."

"பாருங்க."

அவள் ஏணியருகே ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் சிலிண்டரில் கேமரா இறங்கியது. கீழே பிஸ்டனின் தலை, கரி படிந்து, வட்டமாகத் தெரிந்தது. மெக்கானிக் கடப்பாரையால் எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரத்தை நெம்பினார். பிஸ்டன் மெல்லக் கீழே போனது. அது இறங்க இறங்கச் சுவர் வெளியே வந்தது. சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகள், கோரைப்பாய் பின்னல் மாதிரி.

கஸ்பார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"அழகா இருக்கு டீச்சர்."

"வெடிப்பு இருக்கா?"

"இல்ல."

"அடுத்தது."

இரண்டாவது சிலிண்டரில் சுவரின் ஒரு பக்கம் நேர்க்கோடாக ஒரு கீறல் மேலிருந்து கீழே ஓடியது. வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார். கோடு நகரவில்லை. ஆனால் அதைச் சுற்றித் துரு இல்லை, ஈரமும் இல்லை.

"சாதாரணக் கீறல். இது வழியா தண்ணி வராது."

"எழுதிக்கிடுங்க," என்றாள் கனி.

"இது காரணம் இல்ல டீச்சர்."

"நான் காரணத்தைக் கேக்கல. பார்த்ததை எழுதுங்க."

எழுதினார்.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நான்கு மணி நேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மச்சாது மூன்று முறை ஏணியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்காவது முறை வந்தபோது கஸ்பார் கேபிளை உருவிக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

"லைனர்ல வெடிப்பு இல்ல. பிஸ்டன்லயும் இல்ல. ஒண்ணும் இல்ல முதலாளி."

மச்சாதுவின் முகம் தெளிந்தது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "தண்டல்! ஒண்ணும் இல்லையாம். நாளைக்குக் கிளம்பலாம்."

சந்தியாகு ஏணியில் பாதி இறங்கி, கஸ்பாரைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, எஞ்சின் எப்படி இருக்கு?"

கஸ்பார் கேபிளை உருவுவதை நிறுத்தினார். இடது காதைத் திருப்பிக் கேட்பவர், இந்த முறை முகத்தையே திருப்பிக் கனியைப் பார்த்தார்.

அவள் மூட்டையிலிருந்து எழுந்து வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு சிலிண்டர் வரைங்க."

பலகைத் தரையில் அவர் மண்டியிட்டு வரைந்தார். இரண்டு சுவர், நடுவே பிஸ்டன், மேலே மூடி, மூடியின் நடுவில் துளை.

"இப்ப நீங்க கண்ணால பார்த்த இடத்தை மட்டும் சாக்பீஸால தேய்ங்க."

இடது சுவரைத் தேய்த்தார். வலது சுவரைத் தேய்த்தார். பிஸ்டனின் தலையைத் தேய்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மச்சாது படத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தியாகு இன்னும் இரண்டு படி இறங்கி வந்தார்.

கஸ்பார் எழுந்திருக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை மூடியின் உட்பக்கத்தில் வைத்தார். தேய்க்கவில்லை.

"இந்த இடம்..." என்றார். "இது கேமரா நுழைஞ்ச இடம்."

கனி படத்தின் எதிரே குனிந்தாள்.

"இது வழியாத்தான் டீச்சர் ஆறு தடவையும் போனேன். போனேனே தவிர..."

அவரே கருவியை எடுத்தார். முதல் சிலிண்டருக்குத் திரும்பப் போனார். கேபிளை ஒரு சாண் அளவுக்கு உள்ளே இறக்கி, குமிழை முழுக்கத் தள்ளினார். உள்ளே நுனி வளைந்து, வளைந்து, தான் வந்த பக்கமே திரும்பியது.

திரையில் கூரை தெரிந்தது. நடுவில் துளை. துளையிலிருந்து தன்னுடைய கேபிளே கயிறு மாதிரி இறங்கி வருவதைக் கஸ்பார் பார்த்தார். துளையைச் சுற்றி வால்வுகள், தட்டைக் கவிழ்த்த மாதிரி.

"அடேயப்பா," என்றார் மெதுவாக.

முதல் சிலிண்டரின் கூரையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றிலும் நான்கிலும் இல்லை.

ஐந்தாவதில், துளையின் ஓரத்திலிருந்து புகை வெளியேறும் வால்வை நோக்கி ஒரு கறுப்பு இழை ஓடியது. ஒரு விரற்கடை நீளம் இருக்காது.

கஸ்பார் கேபிளை உருவினார். நுனியைத் துடைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத் திரும்ப விட்டார்.

இழை அங்கேயே இருந்தது.

வெளிச்சத்தை இடமிருந்து கொண்டுவந்தார். வலமிருந்து கொண்டுவந்தார். இழை அசையவில்லை.

"டேங்க்ல தண்ணியை நிரப்புங்க," என்றாள் கனி மெக்கானிக்கிடம். டேங்க் எஞ்சினுக்கு மேலே, ஆள் உயரத்தில் இருந்தது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்கள்.

"இனி என்ன செய்யணும்?" என்று மச்சாது கேட்டார்.

"பார்க்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

கஸ்பார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. சந்தியாகு தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டார். மேல்தட்டில் மாலுமிகளின் பேச்சு நின்றுபோயிருந்தது.

இருபது நிமிடம் இருக்கும். இழையின் நடுவில் ஒரு புள்ளி மின்னியது. புள்ளி கடுகானது. கடுகு மிளகானது. விளக்கு வெளிச்சம் அதற்குள் புகுந்து நடுங்கியது. பிறகு அது பிடி விட்டு விழுந்தது.

கஸ்பார் திரையைக் கனியின் பக்கம் திருப்பினார்.

"என் எஞ்சின்லயும் இதுதானா டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு சொட்டு சேர்ந்தது.

மச்சாது திரையருகே குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா? இருபது நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. தண்ணியை ஊத்திக்கிட்டே போய்ச் சேர்ந்திடலாம். அங்க போய் மாத்திக்கிடலாம்."

"ஆறின எஞ்சின்ல ஒரு சொட்டு," என்றாள் கனி. "சூடு ஏறினா வெடிப்பு எவ்வளவு வாயைத் திறக்கும்னு யாருக்கும் தெரியாது. நான் பார்த்ததைத்தான் எழுதித் தருவேன்."

"முட்டைக்கோஸ் தாங்காதே அம்மா."

அவர் குரலில் அதட்டல் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சந்தியாகு கஸ்பாரைப் பார்த்தார். "அண்ணே, டிரைவரா நீங்க இதுல வருவீங்களா?"

"வரமாட்டேன்."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். வந்தா என்ன ஆகும்?"

"தண்டல், நான் ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். ஆறாவது நாள் சமையக்காரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் பிள்ளைக பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். மறந்திடக் கூடாதுன்னு சொன்னான். நான் வரமாட்டேன். நீங்களும் போகக் கூடாது."

சந்தியாகு திரும்பி மச்சாதுவைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

மச்சாது சற்று நேரம் அந்தச் சாக்பீஸ் படத்தின் முன்னால் நின்றார். பிறகு அவரும் ஏறிப்போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. பக்கத்துத் தோணியில் இடம் இருக்கிறதா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். மாலுமிகள் முதலில் முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தூக்கினார்கள்.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் பட்டறைக்கு வந்தார். ஐந்தாவது சிலிண்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்ததாகவும், வெடிப்பு உட்பக்கம் ஆழமாக இறங்கியிருந்ததாகவும் சொன்னார். புது மூடி வந்துவிட்டது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார். "உங்க தாள்ல ரெண்டாவது சிலிண்டர்ல ஒரு கீறல்னு எழுதியிருந்தது. சரி, கை வச்சதே வச்சாச்சு, அதையும் பார்த்திடுவோம்னு பிஸ்டனை உருவினோம். பிஸ்டனைச் சுத்தியிருந்த ரிங் மூணு துண்டா உடைஞ்சு கிடக்கு. மூடியை மட்டும் மாத்திட்டு அனுப்பியிருந்தா, பாதி வழியில பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்னிருக்கும்."

அவர் போனபிறகு கஸ்பார் கனியின் அருகே வந்து உட்கார்ந்தார். கனி அன்றைய வேலைக்கான கேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வெள்ளைப் புகைன்னு முதலாளி சொன்னதுமே, மேல மூடியிலதான் இருக்கும்னு உங்களுக்குத் தோணிடுச்சு. இல்லையா?"

"தோணிச்சு."

"பிறகு ஏன் என்னை நாலு மணி நேரம் லைனரைச் சுத்த விட்டீங்க? எனக்குப் பாடம் சொல்லவா?"

"பாடமா? எட்டுப் பேர் ஏறப்போற தோணியில யாராவது பாடம் நடத்துவாங்களா?"

"பிறகு?"

"எனக்குத் தோணினதாலதான் உங்க கையில கொடுத்தேன்."

கஸ்பார் இடது காதை அவள் பக்கம் திருப்பினார். "புரியல டீச்சர்."

கனி நுனியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

"என் கையில இருந்திருந்தா நேரா மேலதான் பார்த்திருப்பேன். வெடிப்பு அரை மணி நேரத்துல கிடைச்சிருக்கும்," என்றாள். "கிடைச்சதும் கேமராவை வெளிய எடுத்திருப்பேன்."